லோட்டனின் குருவியும் டி பெவரேயின் கண்ணும்

எங்கட வீட்டு மரங்களுக்கு வாற தேன்சிட்டுகளில ஒண்டு கொஞ்சம் வித்தியாசமானது. சொண்டு மற்றதுகளைவிட நீளம், நல்லா வளைஞ்சிருக்கும். ஆண் குருவி தூரத்தில கறுப்பாத்தான் தெரியும். வெயில் பட்டால் ஊதாவும் பச்சையுமாய் மினுங்கும். ஆங்கிலத்தில் அதற்கு லோட்டனின் தேன்சிட்டு எண்டு பேர்.

லோட்டன் 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவர். இங்குள்ள உயிரினங்களை ஓவியங்களாக வரைவித்துச் சேர்த்தார். 1766இல் லின்னேயஸ் குருவியின் விஞ்ஞானப் பெயரிலும் அவரைச் சேர்த்துவிட்டார். ஆனால் லோட்டனுக்காகத் தூரிகை பிடித்தவர் இலங்கையிலேயே பிறந்த பீற்றர் கொர்னேலிஸ் டி பெவரே. அவர் வரைந்தவற்றில் பல இப்ப லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில இருக்குது. லோட்டனுக்கு உண்மையான ஆர்வம் இருந்ததை நான் மறுக்கேல்லை. ஆனால், சேர்த்தவருக்குக் குருவி கிடைத்தது. உற்றுப் பார்த்து வரைந்தவரை எங்களில எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆளுநரை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. நாங்களும் பார்க்காமல் சேர்க்கிற ஆக்கள்தான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைச் சொன்னார் எண்டு சோதனைக்குப் பாடமாக்குவம். அதில முதலாவது செங்காந்தள். அதுதான் மழைக்காலத்தில எங்கட வேலியில படருற கார்த்திகைப்பூ. இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பிடிக்கும்; இதழ் மஞ்சளில தொடங்கிச் சிவப்பாய் மாறும். இதைக் கவனிக்காமல் 99 எண்ட எண்ணிக்கையை மட்டும் வைச்சு என்ன செய்யிறது?

மீனெண்டால் இன்னும் மோசம். கறிக்கு உதவுமா எண்டதுதான் எங்கட ஒரே கேள்வி. பேத்தை நஞ்சு எண்டு வலையிலிருந்து பிரிச்சு எறியுறம், சரி. ஆபத்து வந்தால் தண்ணியைக் குடிச்சுப் பந்துபோல ஊதுற உடம்பை ஒருக்காவாவது நிண்டு பார்க்கிறமா?

அபூர்வமானதைத் தேடி மன்னாருக்குப் போய்ப் பூநாரையைப் படமெடுக்கிறது நல்லதுதான். ஆனால் ரசனை ஒரு கிளிக்கோட முடியக்கூடாது. பென்சிலை எடுத்து வரைஞ்சு பாருங்கோ. வடிவா வரத் தேவையில்லை. சொண்டு எங்க வளையுது, இதழ் எத்தனை எண்டு தெரியாமல் கோடு போடேலாது. அதனால கண் தானாகவே பார்க்கத் தொடங்கும். பக்கத்தில அம்மம்மாவோ கடற்றொழிலாளி ஒருவரோ சொல்லுற பேரையும் எழுதி வையுங்கோ. அந்தப் பேர்களை இப்ப நாங்கள் எழுதாட்டி, பிறகு எங்கட முற்றத்துக் குருவியையும் லோட்டனின் பேரால மட்டும்தான் கூப்பிட வேண்டிவரும்.