போரில் வென்றவர் கடைத்தெருவில் தோற்றார்

இளைஞர்களே, 1991 மார்ச் மாதத்தில் உங்களில் பலர் பிறந்திருக்கக்கூட மாட்டீர்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். குவைத்தில் கடை வைத்திருந்தவர்களும் வேலை பார்த்தவர்களும் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அம்மான் வழியாக வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. பாக்தாத் மீது குண்டுமாரி பொழிந்த அமெரிக்க அதிபர் மூத்த புஷ், தன் நாட்டில் வெற்றி வீரராக உலா வந்தார். கேலப் கருத்துக் கணிப்பில் 100 பேரில் 89 பேர் அவருக்கு ஆதரவு! இவரை எதிர்த்து நிற்பதே வீண் என்று எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் பலர் ஒதுங்கிக் கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு நவம்பரில் நடந்தது என்ன? அதே புஷ்ஷுக்கு விழுந்த வாக்கு 37 சதவீதம்தான். அர்கான்சா என்ற சின்ன மாநிலத்தின் ஆளுநராக இருந்த பில் கிளிண்டன் 43 சதவீதம் பெற்று அதிபரானார். மூன்றாவதாக நின்ற கோடீஸ்வரர் ராஸ் பெரோ, தொலைக்காட்சியில் அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கி, கையில் குச்சியோடு வரவுசெலவு அட்டவணைகளை விளக்கியே ஏறத்தாழ 19 சதவீதம் வாங்கிவிட்டார்!

இந்தத் தேர்தலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு வாசகத்தைச் சொல்வார்கள். 'பொருளாதாரம்தான், மடையா!' என்பது அது. லிட்டில் ராக் நகரில் இருந்த கிளிண்டனின் தேர்தல் அலுவலகத்தில் அவருடைய ஆலோசகர் ஜேம்ஸ் கார்வில் எழுதித் தொங்கவிட்ட பலகையில் இருந்த மூன்று வரிகளில் ஒன்று. மாற்றமா, பழைய கதையே தொடர்வதா என்பது இன்னொன்று. மருத்துவ வசதியை மறந்துவிடாதே என்பது மற்றொன்று.

நம் பிள்ளைகள் இதை ஒரு சாமர்த்தியமான கோஷமாக மட்டுமே பார்க்கிறார்கள். அங்கேதான் தவறு. அந்தப் பலகை வாக்காளருக்காக எழுதப்பட்டதே அல்ல! கட்சியின் சொந்த ஊழியர்களுக்காக எழுதப்பட்டது. மடையன் என்று திட்டப்பட்டவர்கள் அவர்கள்தான். எதிரி அவதூறு பேசினால் பதிலடி கொடுக்க ஓடுவது, வேறு விவகாரம் கிளம்பினால் அதன் பின்னால் ஓடுவது என்று சிதறிப் போகாதே, மக்களின் வயிற்றுப்பாட்டை விட்டு விலகாதே என்று சுவரில் கட்டி வைத்த கடிவாளம் அது. தேர்தல் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கடிவாளம் எவ்வளவு தேவை என்பது தெரியும். மேடை கிடைத்துவிட்டால் நமக்கே நாக்கு நிற்பதில்லையே!

புஷ்ஷிடம் புள்ளிவிவரம் இல்லாமல் இல்லை. பொருளாதாரத் தேக்கம் 1991 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று அதை அறிவிக்கும் நிபுணர் குழு பின்னால் உறுதி செய்தது. அந்த அறிவிப்பு வந்தது 1992 டிசம்பரில், அவர் தோற்ற பிறகு! ஆனால் முன்னாலேயே வந்திருந்தாலும் என்ன பயன்? 1992 ஜூனில் வேலையில்லாதோர் 7.8 சதவீதம். வேலை போனவனிடம் போய் 'நாடு வளர்கிறது' என்றால் அவன் என்ன சொல்வான்? போதாக்குறைக்கு, புதிய வரி போடவே மாட்டேன் என்று 1988ல் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர், 1990ல் வரியை உயர்த்தச் சம்மதித்திருந்தார்.

1992 அக்டோபர் 15 அன்று ரிச்மண்ட் நகரில் வேட்பாளர்கள் மூவரும் பொதுமக்கள் முன் அமர்ந்திருந்தார்கள். ஒரு பெண்மணி எழுந்தார். நாட்டின் கடன் உங்கள் சொந்த வாழ்க்கையை எப்படிப் பாதித்தது, பாதிக்கவில்லை என்றால் எங்கள் கஷ்டத்துக்கு நீங்கள் எப்படி மருந்து கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். அந்த நேரத்தில் புஷ் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நாடே பார்த்தது. கேள்வி தமக்குச் சரியாகப் புரியவில்லை என்று அவர் தடுமாறினார். கிளிண்டன் எழுந்து அந்தப் பெண்மணியின் அருகே நடந்து போனார். உங்களை எப்படிப் பாதித்தது என்று முதலில் அவரையே கேட்டார். என் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலை மூடப்பட்டால் வேலை இழப்பவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்றார். கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் சரக்கின் பெருமையை அளக்காமல் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கும் வியாபாரியின் பழக்கம்தானே இது?

வியாபாரிகளுக்கு இன்னொன்றும் எளிதில் விளங்கும். 2024ல் பைடனின் துணை அதிபர் கமலா ஹாரிஸ் போட்டியிட்டபோது, 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் 3 சதவீதத்துக்கும் கீழே வந்திருந்தது. ஆட்சியினர் அதைச் சாதனையாகச் சொன்னார்கள். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்றா அர்த்தம்? ஏறிய விலை அப்படியே நிற்கிறது, மேலே ஏறும் வேகம்தான் குறைந்தது! உணவுப் பொருட்கள் 2020ஐ விட 20 சதவீதத்துக்கும் மேல் ஏறிய விலையில்தான் இருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன்பைவிட நன்றாக இருக்கிறீர்களா என்று 1980ல் ரீகன் கேட்ட கேள்வியை டிரம்ப் தூசி தட்டி எடுத்தார். பைடனிலிருந்து எதில் மாறுபட்டுச் செய்திருப்பீர்கள் என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார் ஹாரிஸ். தேர்வாளர் வாக்குகளில் 312க்கு 226 என்று தோற்றார்.

வயிற்றுப்பாட்டைச் சொல்லி வாங்கிய வாக்கு கைமாற்றுக் கடன் மாதிரி. கொடுத்தவன் வாசலுக்கு வந்து கேட்பான். நடுத்தர மக்களின் வரியைக் குறைப்பேன் என்ற கிளிண்டன், 1993 பிப்ரவரியிலேயே முடியவில்லை என்று கைவிரித்தார். அந்த ஆண்டே பெட்ரோல் வரியை ஒரு கேலனுக்கு 4.3 சென்ட் கூட்டினார். பலகையில் இருந்த மருத்துவத் திட்டமும் 1994ல் செத்தது. அதே நவம்பரில், 40 ஆண்டுகளாக அவர் கட்சியின் கையில் இருந்த பிரதிநிதிகள் சபை பறிபோனது. பின்னர் வேலைவாய்ப்பு பெருகிய பிறகுதான் 1996ல் மீண்டும் வென்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பதவியேற்கும் முதல் நாளிலிருந்தே விலையை இறக்குவேன் என்று ஊர் ஊராகச் சொன்ன டிரம்ப்போ அவ்வளவு காலம்கூடக் காத்திருக்கவில்லை. ஏறிய விலையை இறக்குவது மிகவும் கஷ்டம் என்று பத்திரிகைப் பேட்டியில் அவரே சொன்னார். அது 2024 டிசம்பர். பதவியேற்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.