அமைதியான நீரில்

2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாட் காலையில், கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலே படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் நீரில் மாண்டனர். பாலவேலை நடந்துகொண்டிருந்தமையால் மக்கள் அப்பாதையையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. நாடு அழுதது; விசாரணை கோரிற்று. விதி என்றாரும் உளர். விதி என்று சொல்லிவிட்டால் எண்ணிப் பார்க்கவும் வேண்டியதில்லை, எழுதி வைக்கவும் வேண்டியதில்லை.

எழுதி வைத்தோர் கண்டது யாது? அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, உல்லாசப் படகில் ஒருவர் இறந்தாலும், காணாமற் போனாலும், முதலுதவிக்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுமளவிற்குக் காயமுற்றாலும், அதனை எழுத்தில் அறிவித்தல் சட்டம். அவ்வறிக்கைகளைக் கரையோரக் காவற்படை தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுகின்றது. 2023ஆம் ஆண்டுத் தொகுப்பில் 564 சாவுகள் உள. காரணம் தெரிந்த சாவுகளில் நூற்றுக்கு 75 மூழ்கியதால் நேர்ந்தவை. அங்ஙனம் மூழ்கியோருள், விவரம் தெரிந்தவரை, நூற்றுக்கு 87 பேர் உயிர்காப்பு அங்கி அணியாதவர்.

இதனினும் நம்மைத் திடுக்குறச் செய்வது வேறொன்று. விபத்துகளிற் பெரும்பாலானவை புயலிலும் பேரலையிலும் நிகழவில்லை. அமைதியான நீர், மெல்லிய காற்று, கண்ணுக்குத் தெளிந்த வெளி, இவற்றினிடையே நிகழ்ந்தன. வானம் கறுத்தால் அஞ்சுகின்ற நாம், வானம் வெளுத்ததும் அங்கியைக் கழற்றிப் பலகையின் கீழே போடுகிறோம்.

அணியாதவரை ஏசுதல் எளிது. ஏன் அணியவில்லை என்று கேட்பதே ஆராய்ச்சி. 2000ஆம் ஆண்டு முதற் சுமார் பதினைந்து ஆண்டுகளில், அந்நாட்டு மீன்பிடித் தொழிலாளருள் ஏறக்குறைய 200 பேர் படகிலிருந்து தவறி விழுந்து இறந்தனர். அவருள் ஒருவரேனும் அங்கி அணிந்திருந்தாரல்லர். தொழிற் பாதுகாப்பை ஆராயும் அந்நாட்டுத் தேசிய நிலையத்தார் இதற்காக மீனவரை அறிவிலிகள் என்று தூற்றவில்லை. நண்டு பிடிப்போர், வலை வைப்போர், தூண்டிற் கயிறு விடுவோர், இழுவை வலையினர் எனத் தொழில்வாரியாகப் பிரித்து, அலாஸ்கா மீனவர் சுமார் 200 பேரிடம் ஆறு வகை அங்கிகளைக் கொடுத்து, வேலையின்போதே அணியச் செய்து கருத்துக் கேட்டனர். ஒரு தொழிலுக்கு இசைந்த அங்கி மற்றொன்றுக்கு இசையவில்லை. கயிற்றிற் சிக்கும் அங்கியைத் தொழிலாளி கழற்றி வைப்பதில் வியப்பென்ன?

குளிர்கடலுக்கு ஏற்றது நம் வெயிலுக்கு ஏற்குமா? அதனை நம் வள்ளக்காரரிடமே கேட்டறிய வேண்டும். உயிர் போன விபத்து மட்டுமன்றி, கவிழப்போய்த் தப்பிய தோணியும் ஏட்டில் ஏறவேண்டும்: எத்தனை பேர் இருந்தனர், சுமை என்ன, எப்பக்கம் சாய்ந்தது, காற்று எப்படி. தப்பியவர் வீட்டுத் திண்ணையிற் கதையாகச் சொல்லி முடிக்கும் இச்செய்திகளை எவரும் எழுதுவதில்லை. போய்வந்த பயணங்களின் தொகையும் வேண்டும். அஃதின்றி விபத்தின் தொகை அரைக்கணக்கே.

ஆசிரியர்கள் இதனைத் தொடங்கலாம் என்பது நம் கருத்து. குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு காலைப்பொழுது நின்று, ஏறுவோர் எத்தனை பேர், அங்கி அணிந்தோர் எத்தனை பேர் என எண்ணுதல் மாணவர்க்கு அரிய காரியமன்று. அமெரிக்காவிலும் கரையில் நின்று கண்ணால் எண்ணியே இக்கணக்கை எடுக்கின்றனர். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். நாளும் நேரமும் குறித்து அனுப்பப்படும் கணக்குகளை இப்பக்கத்தில் வெளியிட நாம் சித்தமாயிருக்கிறோம்.