மிச்சமாகும் மின்சாரம் யாருக்கு?

விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தரலாமா, கூடாதா என்கிற விவாதம் நாடாளுமன்றத்திலும் மாநில சட்டப்பேரவைகளிலும் பல்லாண்டுகளாகத் தொடர்கிறது. அவ்வாறு தரப்படும் மின்சாரத்தில் எவ்வளவு தண்ணீரை மேலே கொண்டுவருகிறது, எவ்வளவு மோட்டாரின் வெப்பமாகவும் குழாயின் உராய்வாகவும் வீணாகிறது என்று கேட்போர் மிகச் சிலரே.

நாட்டின் மொத்த மின்நுகர்வில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வேளாண்மைக்குச் செல்கிறது. அதில் பெரும்பகுதியை விழுங்குபவை பம்புசெட்டுகள். பழைய பம்புசெட்டை அகற்றி, நட்சத்திரக் குறியீடு பெற்றதைப் பொருத்தினால் 30 முதல் 40 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் செயலகத்தின் கணிப்பு. எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் (2001) கீழ் 2002-இல் உருவான இந்த அமைப்பு, மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் முன்னோடித் திட்டமும் தொடங்கியது. இருந்தும், நாடு தழுவிய மாற்றம் நிகழவில்லை.

இதற்கு விவசாயியின் அலட்சியம் காரணமல்ல. மின்னழுத்தம் குறைந்து மோட்டார் எரிந்துபோனால், பயிர் வாடுமுன் அருகிலுள்ள பட்டறையில் காயில் கட்டி மீண்டும் ஓட வைப்பதுதான் அவருக்குத் தெரிந்த வழி. ஒவ்வொரு முறை தரமின்றிக் காயில் கட்டும்போதும் மோட்டாரின் திறன் குறைகிறது. குறைந்த மின்னழுத்தத்தைத் தாங்குவதற்காகவே தேவைக்கு மிஞ்சிய குதிரைத்திறன் கொண்ட மோட்டாரை வாங்குவோரும் உண்டு. தரமான பம்புசெட்டின் கூடுதல் விலையை விவசாயி கொடுக்க வேண்டும். மிச்சமாகும் மின்சாரத்தின் பலனோ மின்வாரியத்துக்கும் மாநில அரசுக்கும் போகும் என்றால், அவர் ஏன் முன்வரப் போகிறார்?

மானியத் தொகையை மாநில அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு. அப்படியானால், சேமிப்பால் குறைவது அரசின் செலவுதான். பம்புசெட்டை மாற்றும் செலவையும் அரசே ஏற்பதுதான் நியாயம்.

மீட்டரை முன்னிறுத்தித் தொடங்கும் எந்தத் திட்டமும் சந்தேகத்துக்கே இடமளிக்கும். 2020-21-இல் தில்லி எல்லையில் போராடிய விவசாயிகளின் கோரிக்கைகளில் மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிடுவதும் ஒன்று என்பதை மறந்துவிடலாகாது. 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதாவும் கடும் எதிர்ப்பால் நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. திறன்மிக்க பம்பு அதே நேரத்தில் அதிகத் தண்ணீரை இறைத்துவிடக் கூடும். நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குச் செல்லும் பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் இது நோயைவிடக் கொடிய மருந்தாகிவிடும். பயன்படுத்தாத மின்சாரத்துக்கு விவசாயிக்கே பணம் தரும் திட்டத்தை பஞ்சாப் 2018-இல் தொடங்கியது. தண்டனைக்கு மாற்றாக ஊக்கத்தொகை என்னும் அந்த அணுகுமுறை கவனத்துக்குரியது.

சூரியசக்திப் பம்புசெட்டுகளுக்கான பி.எம். குசும் திட்டத்தை மத்திய அரசு 2019-இல் கொண்டுவந்தது. திறனற்ற மோட்டாருக்குச் சூரியத்தகடு பொருத்தினால், தகடும் கூடும், மானியமும் கூடும். முதலில் மோட்டாரையும் ஃபுட் வால்வையும் குழாயையும் சீர்செய்துவிட்டுப் பிறகு தகட்டைப் பொருத்துவதே சிக்கனம்.

ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவது போன்றது, வீணடிப்பைத் தடுக்காமல் மின்னுற்பத்தியைப் பெருக்குவது. சேமிப்பில் விவசாயிக்கும் பங்கு உண்டு என்று அரசு உறுதியளிக்கட்டும். பானையின் ஓட்டையை அவரே அடைப்பார்.