பெய்ஜிங் புகையில் ஒரு பி.எச். பஞ்சாயத்து

2013 ஜனவரி 12 அன்று பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் கருவி, ஒரு கன மீட்டர் காற்றில் 886 மைக்ரோகிராம் பி.எம். 2.5 நுண்துகள் இருப்பதாகக் காட்டியது. நாள் சராசரி 25-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் அப்போது வைத்திருந்த வரம்பு. அந்தப் புகைமூட்டத்தில் சல்பேட் மளமளவென்று பெருகியது. ஆனால், வெயில் மங்கிக் கிடந்தது. சல்பர் டைஆக்சைடை சல்பேட்டாக மாற்றும் ஒளிவேதி வினைகள் தளர்ந்திருக்க வேண்டும். பிறகு அத்தனை சல்பேட் எங்கிருந்து வந்தது?

2016-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் ஒரு விடை கூறின. வட சீனத்தில் உரத்திலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் கிளம்பும் அமோனியா, துகள்களில் ஒட்டியிருக்கும் நீரின் அமிலத்தைத் தணிக்கிறது. அந்த நீரில் நைட்ரஜன் டைஆக்சைடே சல்பேட்டை உண்டாக்கிவிடுகிறது. அவற்றில் ஒன்று, 1952-இன் லண்டன் புகைமூட்டத்தையும் சேர்த்து ஆராய்ந்தது. பெய்ஜிங் துகள்கள் ஏறக்குறைய நடுநிலை என்றது, அதாவது பி.எச். 7-ஐ ஒட்டி. இது மெய்யானால் அந்த நைட்ரஜன் டைஆக்சைடைக் கக்கும் வாகனப் புகையைக் குறைத்தாலே சல்பேட்டும் குறையும். உர மூட்டையும் மாசுக் கட்டுப்பாட்டின் கணக்கில் வந்துவிடும். இவ்வளவு பெரிய முடிவைத் தாங்கி நின்ற அந்த 7, யாரும் அளந்த எண் அல்ல.

அளப்பதும் எளிதல்ல. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் உறிஞ்சும் வழக்கமான கருவி ஒரு நாளில் 24 கன மீட்டர் காற்றை வடிகட்டுகிறது. கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று தாராளமாக வைத்தாலும், வடிதாளில் சேரும் துகள்நீர் இரண்டரை மில்லிகிராம்கூட இல்லை. அதை ஆய்வகத்தில் 20 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்ததுமே 8,000 மடங்கு நீர்த்துப்போகிறது. அதன் பிறகு பி.எச். மானியை முக்கினால் தெரிவது வேறு ஏதோ ஒரு கரைசலின் பி.எச்.

துகளிலுள்ள அயனிகளின் நேர்மின், எதிர்மின் கணக்கைக் கூட்டிக் கழித்து, மிஞ்சுவதை அமிலம் என்று கொள்வது இன்னொரு வழி. கடும் புகை நாளில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் அம்மோனியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.எச். 4.5 என்றால் அதே காற்றின் துகள்நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனி, எண்ணிக்கையில் அந்த அம்மோனியத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். அம்மோனியத்தை அளப்பதில் 5 விழுக்காடு பிழை சர்வசாதாரணம். சுமை லாரியை எடைமேடையில் ஏற்றி, ஓட்டுநரின் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையின் எடையைக் கண்டுபிடிக்கிற வேலை இது. துகள் அயனிகளை மட்டும் கொடுத்துக் கணினி மாதிரியை ஓட்டினால், ஒன்று, பி.எச். படு அமிலம் என்று வரும், இல்லையென்றால் நடுநிலைக்குத் தாவும்.

உருப்படியான வழி, அமோனியா எவ்வளவு வாயுவாக நிற்கிறது, எவ்வளவு துகளில் கரைந்திருக்கிறது என்று இரண்டையும் அளந்து, அந்தப் பங்கீட்டிலிருந்து பி.எச்.சைக் கணிப்பது. 2017-இல் குவோ, வெபர், நெனெஸ் ஆகியோர் இப்படிக் கணக்கிட்டபோது பெய்ஜிங்குக்கு 4.5-ஐ ஒட்டியே வந்தது. அமோனியாவைப் பத்து மடங்கு கூட்டினாலும் பி.எச். ஏறக்குறைய ஒரு புள்ளிதான் உயர்கிறது என்பதையும் அவர்கள் காட்டினர். மறு ஆண்டு ஹார்வர்டு குழுவொன்று அந்த 7-இன் மூலத்தையே பிடித்தது: பலரும் பயன்படுத்திய ஐசோரோப்பியா மென்பொருளின் ஒரு வகைக் கணக்கீட்டில் நிரல் பிழை. அதைத் திருத்தியதும் துகள்கள் மிதமான அமிலமாகிவிட்டன.

7-க்கும் 4.5-க்கும் இடையே அமிலச் செறிவில் சுமார் 300 மடங்கு வித்தியாசம். நைட்ரஜன் டைஆக்சைடு வழி அமிலம் கூடக் கூட முடங்கிப்போகும். இரும்பு, மாங்கனீசு போன்ற உலோகங்கள் தூண்டும் வினைகள் முன்னுக்கு வரும். அதற்காக அமோனியாவைச் சும்மா விட்டுவிடலாம் என்று பொருளல்ல. அதைக் குறைத்தால் நைட்ரேட் துகள் குறையும், ஆனால் அமில மழை கூடும் என்று 2019-இல் சீனத்தைப் பற்றிய ஓர் ஆய்வு சொன்னது. அமிலம் ஏறினால் துகளிலுள்ள இரும்பும் செம்பும் எளிதில் கரையும். கரைந்த உலோகம் நுரையீரலுக்குக் கூடுதல் தொல்லை. எதைக் குறைத்தால் எது கூடும் என்று பார்த்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடியது இந்த பி.எச். எண்தான்.

டெல்லியில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். சென்னை ஐஐடியின் சச்சின் குந்தே குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வு, டெல்லித் துகள்களில் குளோரைடு விடாமல் மிகுந்திருப்பதையும் சென்னையில் அவ்வப்போது தலைகாட்டுவதையும் பதிவுசெய்தது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதாலும் ஆலைகளாலும் வரக்கூடிய ஹைட்ரோகுளோரிக் அமில வாயு, மிகுதியான அமோனியாவின் துணையோடு துகளுக்குள் புகுந்து நீரை இழுத்து, பார்வைத் தெளிவைப் பாதியாகக் குறைக்கிறது என்பது அவர்களின் கணிப்பு.

2009-இல் அறிவிக்கப்பட்ட நம் தேசியக் காற்றுத் தர வரையறையின் 12 மாசுகளில் அமோனியா உண்டு; ஹைட்ரோகுளோரிக் அமில வாயு இல்லை. துகளின் எடையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது. டெல்லியிலாவது சில நிலையங்களில் குளிர்காலம் முழுக்க இந்த இரு வாயுக்களையும் துகளின் அயனிகளையும் ஒரே நேரத்தில் மணிக்கு மணி அளந்து, தரவையும் கணக்கிடும் நிரலையும் பொதுவெளியில் வைக்க வேண்டும். ஐசோரோப்பியாவின் பிழை வெளிப்பட்டதே, வேறு கைகளும் அந்த நிரலைப் பிரித்துப் பார்க்க முடிந்ததால்தான்.