இரைச்சலுக்கு எதிர் இரைச்சல்

தாராவி 90 அடி சாலையில் திருவிழா மேடை என்றால் சீரியல் பல்புகளும் டியூப் லைட்டுகளும் இல்லாமலா? ஒற்றைச் சுருள் பிக்-அப் உள்ள எலக்ட்ரிக் கிதாருக்கு அதுவே வினை. மின்சாரத்தின் 'ம்ம்ம்' சத்தமும் பாட்டோடு சேர்ந்து ஒலிக்கும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி எஞ்சினியர் ஸெத் லவர். 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அவரது 'ஹம்பக்கர்', 1957ல் கிதார்களில் ஏறியது. காந்தத் துருவமும் சுற்றுத் திசையும் எதிரெதிரான இரண்டு சுருள்கள். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, தந்தியின் நாதம் மட்டும் கூடுகிறது.

எல்லா ஹம்பக்கரும் ஒன்றல்ல. ரிதம் வாசிப்பவருக்கு அளவான சுற்றும் ஆல்னிகோ காந்தமும் நல்லது: ஆறு தந்திகளும் சேர்ந்து ஒலித்தாலும் ஸ்வரங்கள் குழம்பாது. மாட்டுங்கா சபாக்களில் கச்சேரி கேட்டுப் பழகிய காது இதைச் சட்டென்று பிடித்துவிடும். லீட் வாசிப்பவர் நாடுவது சுற்று கூடிய, வலுவான ரகம். ஆம்ப்ளிஃபயர் எளிதில் கரகரக்க, ஒற்றை ஸ்வரம் நீண்டு நிற்கும்.

ஒரே கிதார் வாங்கவே வசதியுள்ள செம்பூர் இளைஞர் என்ன செய்வது? கழுத்துப் பக்கம் அளவானது, பிரிட்ஜ் அருகே வலுவானது. மாற்றிக்கொள்ளத்தான் சுவிட்ச் இருக்கிறதே.

மேடை ஏறுமுன் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. அது இல்லாவிட்டால் இரைச்சல் மட்டுமல்ல, ஷாக்கும் அடிக்கலாம். அதைத் தடுக்கும் ஹம்பக்கர் எதுவும் கிடையாது.