அம்பயர் சொன்னா சொன்னதுதானா? முரளியைக் கேளுங்க



போன ஞாயிறு கோத்தோங் ரோயோங் முடிஞ்சு, அண்டா குண்டா எல்லாம் கழுவி வச்சிட்டு மண்டபத்துல உட்கார்ந்திருந்தோம். நம்ம பசங்க போன்ல கிரிக்கெட் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எல்.பி.டபிள்யூ.ன்னு அம்பயர் விரலைத் தூக்கினார். பேட்ஸ்மேன் ரிவியூ கேட்டார். பந்து ஸ்டம்புல படாதுன்னு திரையில் வந்ததும் அவுட் ரத்து. உடனே பெரியவர் ஒருத்தர், "எங்க காலத்துல அம்பயர் சொன்னா சொன்னதுதான். மிஷின் வந்து ஆட்டத்தையே கெடுத்துடுச்சு" என்றார். நாலு பேர் ஆமாம்னு தலையாட்டினாங்க. அன்னிக்கு வாதாட நேரமில்லை. அதனால இங்கே எழுதுகிறோம்.

அண்ணன் மேல மரியாதை உண்டு. ஆனா இந்தப் பேச்சை நாங்கள் ஒத்துக்க மாட்டோம். அந்தக் காலம் எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் பார்ப்போம்.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன் மைதானம். முத்தையா முரளிதரன் பந்து வீசுகிறார். கண்டிக்காரர். அவர் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். நம்ம தாத்தா பாட்டி கப்பலேறி ரப்பர் தோட்டத்துக்கு வந்த மாதிரிதான். அன்று அம்பயர் டேரல் ஹேர், கையை மடக்கி எறியறார்னு சொல்லி மூன்று ஓவருக்குள் 7 தடவை நோ பால் கொடுத்தார். அரங்கத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல ஜனம். கேப்டன் அர்ஜுன ரணதுங்க என்ன செய்தார்? முரளியை எதிர் முனைக்கு மாற்றினார். அங்கே நின்ற அம்பயர் ஸ்டீவ் டன் ஒரு நோ பால் கூடக் கொடுக்கலை.

யோசிச்சுப் பாருங்க. அதே ஆள், அதே கை, அதே நாள். ஒரு முனையில் குற்றவாளி, இன்னொரு முனையில் நிரபராதி. இதுக்குப் பேர் தீர்ப்பா?

அதுக்கப்புறம் பரிசோதனைக் கூடத்தில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பிறவியிலேயே அவர் முழங்கை முழுசா நீளாதுன்னு தெரிஞ்சது. வெறும் கண்ணுக்கு எறியற மாதிரி தோன்றியது அதனாலதான். அப்படியும் விடலை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் ரோஸ் எமர்சன் மறுபடியும் நோ பால் கொடுத்தார். ரணதுங்க அணியையே எல்லைக்கோட்டுக்கு அழைத்துப் போனார்.

"முரளிக்காகச் சட்டத்தையே வளைச்சாங்க"ன்னு சிலர் சொல்வாங்க. உண்மையை மறைக்க வேண்டாம். 2004-ல் அவருடைய தூஸ்ரா பந்து அப்போதிருந்த 5 டிகிரி வரம்பைத் தாண்டியது. ஆனா மற்றவங்களையும் அளந்து பார்த்தப்போ, கை நேரா இருக்குன்னு உலகமே நம்பின வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் வளைவது தெரிஞ்சது. அதனாலதான் 2005-ல் எல்லாருக்கும் 15 டிகிரின்னு ஒரே வரம்பு வைத்தார்கள். அளக்காத வரைக்கும் எல்லாரும் உத்தமர், முரளி மட்டும் திருடன். அளந்த பிறகுதான் நியாயம் வந்தது. 2010 ஜூலையில் காலியில் 800 டெஸ்ட் விக்கெட்டோடு அவர் விடைபெற்றார். இன்னிக்கு சந்தேகம் வந்தா மைதானத்துல அவமானப்படுத்துவதில்லை, பரிசோதனைக்கு அனுப்புறாங்க. நம்ம சென்னையிலேயே அதுக்கு மையம் இருக்கு.

நாங்கள் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிப்பு. ஆனா ஒரு பொருளை ரிஜெக்ட் பண்ணணும்னா கேஜ் வைத்து அளவு காட்டணும்னு தெரியும். "பார்த்தா சரியில்லை"ன்னு எழுதினா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. கேஜுக்கும் ஒரு தவறு எல்லை உண்டு. ரிவியூவில் "அம்பயர்ஸ் கால்" வைத்ததும் அதுக்குத்தான். பந்தில் பாதிக்கும் குறைவாத்தான் ஸ்டம்பில் படும்னு மிஷின் காட்டினா, மைதானத்தில் கொடுத்த முடிவே நிற்கும். பலர் இதைத் திட்டுறாங்க. எங்களுக்கு இது நேர்மையாத்தான் படுது. மிஷினே "இதுக்கு மேல எனக்கு நிச்சயமில்லை"ன்னு சொல்லுது. ஹேர் அன்னிக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னாரா?

இந்தியா ரசிகர்களுக்கும் ஒன்று. 2008 ஜனவரியில் சிட்னியில் சைமண்ட்ஸ் 30 ரன்னில் அவுட் கொடுக்காமல் தப்பித்து 162 அடித்தப்போ நாமெல்லாம் கொதிச்சோம். அதே வருஷம் இலங்கையில் ரிவியூவை முதன்முதலா சோதித்துப் பார்த்தார்கள். நமக்குச் சாதகமா வரலைன்னதும், இந்திய வாரியம் தன் டெஸ்ட் தொடர்களில் 2016 வரைக்கும் வேண்டாம்னு நின்றது. நடுவில் 2011 உலகக்கோப்பை அரையிறுதியில் சச்சினை 23 ரன்னில் காப்பாற்றியது அதே ரிவியூதான். அன்னிக்கு மட்டும் மிஷின் இனிச்சுதா?

ரிவியூவையும் பேராசையில் வீணாக்கினா அழுகைதான். 2019 ஹெடிங்லியில் ஆஸ்திரேலியா கடைசி ரிவியூவை லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்துக்கு வீணடிச்சது. அடுத்த ஓவரிலேயே ஸ்டோக்ஸ் எல்.பி.டபிள்யூ. அம்பயர் கொடுக்கலை, கேட்க ரிவியூ கையில் இல்லை. இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. குறை மிஷினிடம் இல்லை, பயன்படுத்தினவங்களிடம்.

அண்ணே, நீங்களும் ரந்தாவ் தோட்டத்துப் பிள்ளைதான். நம்ம அம்மாமார் விடியற்காலை பெரட்டுக்கு ஓடி, மரம் வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்து வந்தாங்க. நிறுக்கிற இடத்தில் கிராணி "தண்ணி கலந்திருக்கு"ன்னு குறைச்சு எழுதினா அது எழுதினதுதான். யாரிடம் போய் ரிவியூ கேட்டாங்க? வீட்டுக்கு வந்து முந்தானையால கண்ணைத் துடைச்சிட்டு உலை வச்சாங்க. "சொன்னா சொன்னதுதான்" என்பது நமக்குப் பெருமையான வார்த்தை இல்லைண்ணே. நம்ம தலையில் உட்கார்ந்திருந்த வார்த்தை.

நம்ம கோவிலில் திருவிழா கணக்கை ஏன் பலகையில் ஒட்டுறோம்? பக்தர் யார் வேணும்னாலும் கேட்கலாம் என்பதற்குத்தான். கேட்டதால எந்த நிர்வாகத்துக்கும் மரியாதை குறைஞ்சதில்லை. ரிவியூவில் தன் முடிவு தப்புன்னு வந்ததும், அதே அம்பயர் எல்லார் முன்னாடியும் அதை மாத்திச் சொல்றாரே, எங்களுக்கு அவர் மேல மரியாதை கூடுதே தவிர குறையலை.

பந்து எறிந்தானா வீசினானான்னு கண் சொல்லும். கண்ணும் ஏமாறும். ஏமாந்ததைத் திருத்த ஒரு வழி இருக்கணும். அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

இதில் தப்பு இருந்தா கீழே எழுதுங்க. நாங்களும் ரிவியூவுக்குக் கட்டுப்பட்டவங்கதான். வர்ற வெள்ளிக்கிழமை பூஜைக்கு எல்லாரும் வந்துடுங்க. அண்ணன் கண்டிப்பா வரணும், டீ எங்கள் செலவு.

அம்மன் எல்லாரையும் காப்பாற்றட்டும்.