முயலுக்கும் வயசு வரும் பாஸ்!

'மொத ரெண்டு மாசம் மடியிலயே தூங்குச்சு பாஸ். இப்ப கூண்டுக்குள்ள கையை விட்டா உறுமிக்கிட்டு முன்னங்காலால அடிக்குது. முயல் உறுமும்னு உங்களுக்குத் தெரியுமா?'

போன வருஷம் வைகாசி கருடசேவை பார்க்கக் காஞ்சிபுரம் போயிருந்தபோது ஒரு நண்பர் இப்படிப் புலம்பினார். பிள்ளையார்பாளையத்துக்காரர். பி.காம். ரெண்டாம் வருஷம். முன்னறையில் அப்பாவின் குழித்தறி, பின்னால் சமையல்கட்டு, நடுவே ஒரு கம்பிக்கூண்டு. அதற்குள் வெள்ளை வெளேரென்று 'மைனா'. (முயலுக்கு ஏன் பறவை பேருன்னு கேட்காதீங்க. பேர் வெச்சது தங்கச்சி!) பிறந்தநாள் கிஃப்ட்டுக்காகச் சென்னையில் வாங்கி, அட்டைப்பெட்டியில் வைத்து, பஸ்ஸில் கொண்டு வந்தது.

அஞ்சாம் மாசம் வினை ஆரம்பித்திருக்கிறது. கண்ணில் பட்ட பொருள் மேலெல்லாம் தாடையைத் தேய்ப்பது, தரையைப் பறண்டுவது, உறுமுவது. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால், கழுத்தடி முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி வைத்திருக்கிறது. கூடவே தறியடியில் கிடந்த கழிவுப் பட்டு நூலையும் வாயால் பொறுக்கி, தறிக்குழி மூலையில் ஒரு மெத்தையே போட்டு வைத்திருக்கிறது! 'சொறி பிடிச்சிருக்கு' என்றார் அம்மா. 'குட்டி போடப்போகுது' என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஜோடியே இல்லாத முயலுக்கு ஏது குட்டி?

பாட்டி சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. அதற்குப் பேர் பொய்க் கர்ப்பம்.

மைனாவோட உடம்புக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துடுவோம். முயல் நாலிலிருந்து ஆறு மாசத்துக்குள் வயதுக்கு வந்துவிடும். பெண் முயலுக்கு, நாய் பசு மாதிரி முறை வைத்துச் சினைமுட்டை வெளியாவதில்லை. ஆணோடு சேர்ந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் வெளியாகும். கூட இருக்கும் இன்னொரு பெண் முயல் மேலே ஏறினால்கூட உடம்பு ஏமாந்துவிடும். சில சமயம் காரணம் எதுவும் நம்ம கண்ணில் படாமலே இது நடக்கும். அப்புறம் பதினாறு, பதினெட்டு நாள் உடம்பு முழுக்கக் கர்ப்பகால ஹார்மோன்தான். அந்த நாட்களின் கடைசியில்தான் முடி பிடுங்கிப் படுக்கை போடும். கிட்ட வருகிறவரை அடிக்கும். இல்லாத குட்டிக்குக் காவல் இருக்கிறது சார் அது!

ஆணின் கதை வேறே. உங்க காலைச் சுத்திச் சுத்தி வட்டமடிக்கும், மூக்கால் மெல்ல 'ம்ம்... ம்ம்...' என்று முனகும், சுவர், தலையணை, உங்க ரெக்கார்டு நோட் என்று பார்க்காமல் சிறுநீரைப் பீச்சியடிக்கும். பழிவாங்கல் எல்லாம் இல்லை. லவ் மேட்டர்தான். பக்கத்தில் வேறு முயல் இல்லாததால் உங்க காலே கதாநாயகி!

நண்பர் வீட்டில் பிரச்னை முடியோடு நிற்கவில்லை. ஒரு ராத்திரி கூண்டுக் கதவு சரியாகச் சாத்தாமல் போக, மைனா தறியில் ஏறிப் பாவில் பல்லை வைத்துவிட்டது. ஒரு பாவு ஓடினால் மூணு புடவை. அறுந்த இழைகளை ஒண்ணொண்ணாய்ப் பிடித்து முடிச்சுப் போட அப்பாவுக்கு அரை நாள் போயிருக்கிறது. 'ஞாயித்துக்கிழமைக்குள்ள யாருக்காவது குடுத்துடு' என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? அந்தப் பாவில்தான் நண்பரின் காலேஜ் ஃபீஸும் ஓடுகிறது.

ஆனால், யாரிடம் கொடுப்பது? ஊரில் பாதிப்பேர் முயலைப் பார்த்ததும் மசாலாவைத்தான் நினைப்பார்கள். 'வயல்ல விட்டுடலாம், அது பாட்டுக்குப் பொழைச்சுக்கும்' என்று யோசனை சொன்னவர்களும் உண்டு.

இங்கேதான் ஒரு பெரிய குழப்பம். செங்கல்பட்டு, வாலாஜாபாத் பக்கத்துக் காட்டில் ஓடுகிறதே, அது காட்டு முயல். இங்கிலீஷில் 'ஹேர்'. நம்ம கூண்டில் இருப்பது 'ராபிட்'. ரெண்டுக்கும் தமிழில் ஒரே பேர் என்பதால் ஒரே ஜாதி என்று நினைத்துவிட்டோம். காட்டு முயல் பெரும்பாலும் தனியாள். தரைக்கு மேலே புல் மறைவில் படுக்கும். குட்டி பிறக்கும்போதே முடியும், திறந்த கண்ணுமாகப் பிறக்கும். ராபிட்டின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாகக் குடும்பம் நடத்தும். குட்டி முடியில்லாமல், கண்மூடிப் பிறக்கும். அதுக்காகத்தான் அந்த முடி மெத்தை. மைனா ஏன் தறிக்குழியையே தேடிப் போனது என்று இப்போது புரிகிறதா? இருட்டு, குளிர்ச்சி, மண் வாசனை. அதுக்குப் பாட்டன் வீடு மாதிரி!

வெள்ளை முயலை வயலில் விட்டால் அன்று சாயங்காலமே நாய்க்கு விருந்து. சரியான இடம் அமைந்துவிட்டாலோ இன்னும் ஆபத்து. 1859-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஒரு பண்ணைக்காரர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விட்ட ஒரு 24 ராபிட்தான் கண்டம் முழுக்கப் பெருகியது. இன்றைக்கும் அங்கே குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ராபிட்டைச் செல்லமாக வளர்க்கக்கூடத் தடை.

கூட்டத்தில் வாழும் பிராணியை நாம் ஏன் ஒத்தைக் கூண்டில் வைக்கிறோம்? எனக்குத் தோன்றுவது இது. நம்ம ஊரில் முயல் வளர்ப்பு என்றாலே பண்ணைதான். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கும் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் எல்லாம் இறைச்சிக்கான இனங்கள். பண்ணையில் ஆளுக்கொரு கூண்டு. பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவார்கள். மாற்றி விட்டால் பெண் தன் இடத்தைக் காக்கச் சண்டைக்கு வரும். பண்ணைக்கு இந்தக் கணக்கு சரி. உங்க வீட்டுச் செல்லத்துக்கு, எட்டுப் பத்து வருஷம் வாழப்போகிற உயிருக்கு, சரியா? (உங்க டிகிரியே மூணு வருஷம்தான்!)

'அப்போ நாளைக்கே ஒரு ஆண் முயல் வாங்கிடலாமா?' என்று கிளம்பிடாதீங்க. கர்ப்பகாலம் 31 நாள்தான். குட்டி போட்ட அன்றைக்கே தாய் மறுபடி சினைப்படும். வருஷக் கடைசியில் வீட்டில் இருக்க உங்களுக்கே இடம் இருக்காது. ரெண்டு ஆணை ஒண்ணாய் விட்டால், வயது வந்ததும் ஒண்ணை ஒண்ணு கடிக்கிற இடத்தை இங்கே எழுத முடியாது. ரெண்டு பெண்ணும் பொய்க் கர்ப்ப நாட்களில் ரத்தம் வரச் சண்டை போடும். கடைக்காரர் 'ரெண்டும் பெண்ணு தம்பி' என்று சொன்னால் நம்பவும் வேண்டாம். சின்னக் குட்டியில் ஆண், பெண் பார்ப்பது பழகினவருக்கே தடுமாறும்.

முதலில் கருத்தடை ஆபரேஷன், அப்புறம் ஜோடி. வரிசை மாறக்கூடாது. ஆண், பெண் ரெண்டுக்கும் பண்ணலாம். பெண்ணுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: ஆபரேஷன் பண்ணாத பெண் முயலுக்கு மூணு, நாலு வயதைத் தாண்டினால் கருப்பைப் புற்றுநோய் சர்வசாதாரணம். நாய், பூனையை வெறும் வயிற்றில் கொண்டுவரச் சொல்வார்கள். முயலைப் பட்டினி போடக்கூடாது. அதற்கு வாந்தியே வராது. குடல் நின்றால்தான் உயிருக்கு ஆபத்து. அதனால், முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டரா என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். ஆணுக்கு ஆபரேஷன் ஆன பிறகும் நாலிலிருந்து ஆறு வாரம் பெண் பக்கம் விடாதீங்க. உள்ளே மிச்சம் இருக்கும்!

நண்பர் அப்பாவிடம் ரெண்டு மாசம் வாய்தா வாங்கினார். பெரிய தர்க்கம் எல்லாம் நடக்கவில்லை. 'ஒத்தை ஆளா கோர்வை போட முடியுமாப்பா?' என்று ஒரு கேள்விதான். கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா என்று கோர்வை நெய்ய எதிரில் இன்னொரு கை வேண்டும். சின்ன வயதில் அந்தக் கை நண்பருடையதுதான். அப்பா சிரித்துவிட்டார்.

சென்னையில் ஆபரேஷன். வெயிலுக்குப் பயந்து ராத்திரி பஸ்ஸில் வீடு திரும்பல். கோபம் ஒரே நாளில் போகவில்லை. ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சென்னையிலேயே ஒரு வீட்டில், மகன் வெளிநாடு போனதால் யாரும் சீண்டாமல் கிடந்த, ஏற்கெனவே ஆபரேஷன் ஆன சாம்பல் நிற ஆண் ஒன்று கிடைத்தது. நேரே மைனாவின் கூண்டில் போடவில்லை. ரெண்டுக்கும் புதுசான மொட்டைமாடியில், சாயங்கால நேரம், நடுவில் கம்பிவலை. தினமும் பத்து நிமிஷம். முதல் வாரம் ஒண்ணுக்கொண்ணு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தன. (பெண் பார்க்கிற படலம் தோத்துப்போச்சு என்று தங்கச்சி அழுதாளாம்.) மூணாவது வாரம் வலையை எடுத்ததும் சாம்பல்காரன் தலையைத் தாழ்த்திப் படுத்தான். மைனா கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் நெற்றியை நக்கியது.

இந்த வைகாசிக்கும் போயிருந்தேன். பாவைச் சுத்தி இடுப்புயரத்துக்குக் கம்பிவலை கட்டியிருக்கிறார்கள். மைனா முடி பிடுங்குவதில்லை. ஆனால் மத்தியானமானால் ரெண்டும் தறிக்குழிக்குள் இறங்கி, ஒட்டிக்கொண்டு, காலை நீட்டித் தூங்குகின்றன. தறியில் உட்காரும் முன்னால் அப்பா குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மிதியில் காலை வைக்கிறார்.